வேலூரில் ஒரு காரைக்கால்காரன்

திங்கள்

அத்தைக்கு முழங்கால் வலி. காரைக்காலில் காட்டி, தஞ்சாவூரில் காட்டி, கடைசியில் "எதுக்கும் ஒரு தடவை வேலூர் போயிட்டு வந்துடுங்க" என்று சொந்தபந்தம் மொத்தமும் சொன்ன பிறகு கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வேலூர் போயிருக்கிறார் என்றால் கோட்டை பார்க்கவா என்று யாரும் கேட்பதில்லை. "உடம்புக்கு என்ன?" என்றுதான் கேட்பார்கள்.

மயிலாடுதுறையில் ஏறி, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக ரயில். போளூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை மலைகள். எங்கள் ஊரில் கோயில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் விட்டால் நிமிர்ந்து பார்க்க எதுவும் கிடையாது. அத்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. "இந்தக் கல்லெல்லாம் ராத்திரி முழுக்க சூடு கக்கும்டா தம்பி" என்றார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோதே அது புரிந்துவிட்டது. அக்னி நட்சத்திரம் பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. வேலூர் அதற்கெல்லாம் காத்திருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கத்துத் தெருக்களில் எல்லாம் லாட்ஜ்தான். போர்டுகளில் தமிழை விட வங்காளமும் இந்தியும் அதிகம். நாங்கள் பிடித்த லாட்ஜில் மேனேஜர் வயதானவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிஜிஸ்தரில் ஊர்ப் பெயரை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காரைக்காலா? பீச் ஒட்டியா வீடு?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும் சார்."

அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார். இங்கேயே சத்துவாச்சாரியில் சொந்த வீடு. அதை விற்றுவிட்டு, மனைவியோடு கடலோரமாக ஒரு அமைதியான ஊரில் போய் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் நடுவில் ஒரு மனை இருப்பதாக புரோக்கர் போட்டோ அனுப்பியிருக்கிறார். போட்டோவில் மனையை விடக் கடல்தான் அதிகம்.

"இன்னா சொல்லு தம்பி, கடலைப் பாத்துக்கினே காபி குடிக்கிறதுக்கு ஒரு குடுப்பினை வேணும்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடித்ததே இல்லை. காபி குடிக்கிற நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும். அதை அப்போதே சொல்லி அவரை வருத்தப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன் என்று ஒப்பந்தம். அதனால் இந்தக் குறிப்புகளில் வேலூர் பாதி, காரைக்கால் பாதி இருக்கும்.

செவ்வாய்

விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றோம். சீட்டு, பதிவு, இன்னொரு சீட்டு, காத்திருப்பு. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் இது என்று படித்திருக்கிறேன். இன்று அந்த வராந்தாவில் திரிபுராக்காரர், ஜார்க்கண்ட்காரர், ஆந்திராக்காரர், நடுவில் நாங்கள். டாக்டர் பார்த்தார், எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு அவ்வளவுதான்.

மத்தியானம் அறையில் இருக்க முடியவில்லை. துவைத்துப் போட்ட துண்டு அரை மணியில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. இது எனக்குப் பெரிய அதிசயம். காரைக்காலில் சித்திரை வெயிலில்கூடத் துணி காயும், ஆனால் தொட்டால் ஒரு பிசுபிசுப்பு இருந்துகொண்டே இருக்கும். வியர்வையும் அப்படித்தான்; வேலூரில் வருவது தெரியாமல் உலர்ந்துவிடுகிறது, அங்கே உடம்பிலேயே நிற்கும்.

சாயங்காலம் மேனேஜரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். கடலோரம் என்றால் குளுகுளு என்று நினைக்காதீர்கள், புழுக்கம். ஆனால் ஒரு சலுகை உண்டு. காலையில் இருந்து வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலே இருக்கும் காற்று எழும்பிப் போகும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. எழும்பிப் போன காற்றின் இடத்துக்குக் கடல் மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். எங்கள் தெருவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது வந்து சேரும். கதவு தானாக ஒருமுறை அசையும், மாடிக்கொடியில் புடவை உப்பும், "காத்து இறங்கிட்டு" என்று யாராவது சொல்வார்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து கச்சான் பலமாக அடித்தால் கடல்காற்று உள்ளே வர முடியாமல் தவிக்கும். அந்த நாட்களில் எங்களுக்கும் வெயிலூர்தான்.

வேலூருக்குக் கடல் எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வந்து சேர்வதற்குள் காற்றுக்கு மூச்சு வாங்கிவிடும்.

"அப்ப ஏசி வேணாம்ன்ற?"

"வேணும் சார். ராத்திரி காத்து நின்னுடும்."

புதன்

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. அத்தைக்கு மீன் இல்லாமல் நாள் ஓடாது. "மார்க்கெட் எங்கன்னு கேளு" என்றார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை, ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வேலூர் மீன் மார்க்கெட்டைக் கடற்கரைக்காரன் ஒருமுறை பார்க்க வேண்டும். கடலே இல்லாத ஊரில் இவ்வளவு மீனா என்று எனக்குத் திகைப்பு. ஐஸ் பெட்டிகள் தலைக்கு மேல் அடுக்கியிருக்கின்றன. உடைத்த ஐஸ் உருகி, மீன் ரத்தத்தோடு சேர்ந்து, செருப்புக்குள் ஏறுகிறது. கத்தி தட்டுகிற சத்தத்தில் விலை கேட்பதற்குக் கத்த வேண்டியிருக்கிறது. ஆனால் மூக்குதான் முதலில் வித்தியாசத்தைச் சொன்னது. எங்கள் துறைமுகத்தில் டீசல், உப்பு, ஈர வலை, பச்சை மீன் எல்லாம் கலந்த ஒரு வாடை இருக்கும். இங்கே மீன் வாடை மட்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிடுகிற பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கரையோரமாகச் சின்னப் படகுகள் மட்டும் போய் வரும். அதனால் இப்போது இங்கே கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி கேரளா, மங்களூர் சரக்கு. மத்தி, கானாங்கெளுத்தி, அப்புறம் ஏரியில் பிடித்த கட்லா, ஜிலேபி. மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலையில் தடை. ஜூன் முதல் பாதியில் மட்டும் இரண்டு கரையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்போது வேலூரில் மீன் விலை கேட்கிறவன் பாவம்.

அத்தை ஒரு கடை முன்னால் குந்திவிட்டார். கானாங்கெளுத்தி ஒன்றை எடுத்துச் செவுளை விரலால் நெம்பினார். உள்ளே சிவப்பு இல்லை, காய்ந்த செம்மண் நிறம். கண் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றில் கட்டைவிரலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. வைத்துவிட்டார்.

"எம்மா, காலைலதான் எறக்கினது. மங்களூர் மீனு."

"மங்களூர்லேந்து நடந்தா வந்துது? ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்துட்டுல்ல வந்துருக்கு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அடியில் கையை விட்டு வேறு பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டார். அதில் ஆறு தேறியது.

லாட்ஜில் அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். மாதக்கணக்கில் தங்குகிற நோயாளிக் குடும்பங்களுக்கு அது பெரிய வசதி. மண்சட்டி இல்லாத குறையைத் திட்டிக்கொண்டே அத்தை அலுமினியக் குண்டானில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். பக்கத்து அறையில் ஒரு வங்காளத் தம்பதி. அந்த அம்மா கடுகெண்ணெயில் ரோகு வறுத்துக்கொண்டிருந்தார். பாஷை கிடையாது. கிண்ணங்கள் இடம் மாறின. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எண்ணெய்தான் மூக்குல ஏறுது, மீன் நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மேனேஜருக்கும் ஒரு கிண்ணம் போனது. சாப்பிட்டுக்கொண்டே, "அங்க தெனம் ஃப்ரெஷ்ஷா கெடைக்கும் இல்ல?" என்றார்.

கிடைக்கும். ஆனால் என் பாடு வேறு. நான் மளிகைக் கடைக்காரன். கடலில் காலே வைக்காத எங்கள் வீட்டு வருமானமும் படகோடுதான் போய்வருகிறது. படகு போனால் பணம் புரளும். தடைக்காலத்தில் கடன் நோட்டு தடிக்கும். அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. அது வருகிற வரைக்கும் மீனவர் வீட்டு அரிசியும் பருப்பும் என் நோட்டில்தான் ஏறும். டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலை பின்னுகிறவர், வேன் டிரைவர் எல்லாருக்கும் இதே கணக்கு. விடியற்காலை இரண்டு மணிக்குக் கேட்கும் இன்ஜின் சத்தம் இந்த இரண்டு மாதமும் இருக்காது. வெளியூர்க்காரர் வந்தால் "என்ன அமைதி!" என்று சொல்கிற சமயம் அது. எங்களுக்கு அந்த அமைதியில்தான் தூக்கம் கெடும்.

மேனேஜர் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். எதுவும் சொல்லவில்லை.

வியாழன்

ரிசல்ட் நாளை மறுநாள். இன்று ஆஸ்பத்திரி இல்லை.

லாட்ஜ் ஜன்னல் கிரில்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கட்டடம் பழசு, பெயின்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியாக எப்போது அடித்தது என்று மேனேஜருக்கே நினைவில்லை. எங்கள் வீட்டில் தை பிறந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே எனாமல் அடிக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கிரில்லின் அடிக்கம்பி கையோடு வரும். ஃபிரிட்ஜின் கால், கேஸ் அடுப்பின் பர்னர், ஃபேன் மாட்டுகிற கொக்கி, ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எதையும் காற்றில் வரும் உப்பு விடாது.

வீடு கட்டப்போகிறவருக்கு இதை விரிவாகவே சொன்னேன். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துரு ஏற்றும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் சுற்றியிருக்கும் சிமென்ட் பெயர்ந்து விழும். எங்கள் தெருவில் சன்ஷேட் பெயர்ந்து கம்பி தெரியாத பழைய வீடு குறைவு. கம்பிக்கு மேல் சிமென்ட் மூடாக்கு நன்றாக வேண்டும், கலவைக்கு உப்புத் தண்ணீர் கூடாது, கடல் மணல் ஆகவே ஆகாது. அப்புறம் அந்த போட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன். ஏற்றத்தில் அலை வந்து தொடும் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு. இந்த விதிகள் 1991-இலிருந்தே இருக்கின்றன. இடத்தைப் பொறுத்துக் கரைக்குப் பக்கத்தில் வீடே கட்டக்கூடாத பகுதியும் உண்டு. போட்டோவில் கடல் எவ்வளவு பக்கத்தில் தெரிகிறதோ, அவ்வளவு சந்தேகப்பட வேண்டும்.

"புரோக்கர் இதெல்லாம் ஒண்ணும் சொல்லலியே!"

எந்தப் புரோக்கர் சொல்வார்.

பிறகு தண்ணீர். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அது இலேசு என்பதால். சின்ன ஆழத்தில் கிடைப்பதை அளவோடு இறைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடும். ஆசைப்பட்டு ஆழமாக போர் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒருவர் போட்டால் பக்கத்து நாலு வீட்டுக் கைப்பம்பும் கரிக்கும்.

"எங்க கதை இதைவிட மோசம்" என்றார் அவர். இங்கே பாறை. நூற்றுக்கணக்கான அடி இறக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்த வழக்கு அது. "இப்ப நாங்க குடிக்கிறது காவிரி தம்பி. மேட்டூர் பக்கத்துலேர்ந்து பைப்புல வருது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் நாங்கள் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்போம். திறந்தாலும் கடைமடைக்கு, எங்கள் அரசலாற்றுக்கு, அது வந்து சேர்வதற்குள் எத்தனை மதகு, எத்தனை சண்டை. இவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் காவிரி!

"எங்க தண்ணிய நீங்க முன்னாடியே குடிச்சிடுறீங்க சார்" என்றேன். பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளி

கோட்டைக்குப் போனோம். பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி. வெயில் தாழ்ந்ததும் ஊரே அந்தப் புல்வெளிக்கு வந்துவிடுகிறது. பஜ்ஜி, பலூன், குதிக்கிற பிள்ளைகள், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். அகழித் தண்ணீரை நோக்கி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு அத்தை, "இதுதான் இவங்களுக்கு பீச்சு" என்றார்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகளும் குதிரைகளும் அப்படியே பாய்ந்து நிற்கின்றன. பல நூற்றாண்டு மூலவர் இல்லாமல் இருந்த கோயில். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து வைத்த பிறகுதான் திரும்பப் பூசை. அதுவரைக்கும் இந்த ஊரைப் பற்றி, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று கேலி பேசுவார்களாம். மேனேஜரும் விரல்விட்டுச் சொல்லிக்காட்டினார். ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடி ஒருமுறை பதில் சொல்லிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார்.

1806 சிப்பாய்க் கலகம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு மனதில் நின்றது இன்னொருவர். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். 1815-இல் பிடிபட்டு, கடல் தாண்டி அழைத்துவரப்பட்டு, இந்தக் கோட்டையில் காவலில் இருந்து 1832-இல் இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில். தீவின் ராஜாவைக் கொண்டுவந்து இந்தப் பாறைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு இந்த வெயில் எப்படி இருந்திருக்கும்!

திரும்பி வரும்போது எங்கள் ஊருக்கும் ஒரு கேலி கட்டிப் பார்த்தேன்: ஆளில்லாத வீடு, பூட்டில்லாத சாராயக்கடை. வரி வித்தியாசத்தால் புதுச்சேரிப் பகுதிகளில் மது மலிவு என்பது ஊரறிந்த விஷயம். அமைதி தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் தேடுவது அதைத்தான்.

சனி

ரிசல்ட் வந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி, மாத்திரை, எடை குறைக்க வேண்டும். கடைசியைக் கேட்டதும் அத்தைக்கு டாக்டரைப் பிடிக்காமல் போய்விட்டது.

இன்று சனிக்கிழமை, எங்கள் பக்கம் திருநள்ளாற்றில் கூட்டம் நெரியும். விடியும் முன்பே வெளியூர் வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தால் மாடியில் இருந்து மாம்பழம் வீசுவார்கள், கீழே பிடிப்பதற்கு அத்தனை கை. மற்ற நாட்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெரு நாய்களுடையது.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்பதை மேனேஜரிடம் இன்றுதான் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை இருந்த ஊர்; நேர்நேரான தெருக்கள். எங்கள் தெருவிலேயே பூட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு குடும்பம் பாரிஸில், ஒன்று சிங்கப்பூரில், இரண்டு சென்னையில். படித்த பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லை. என் மகனும் போகத்தான் போகிறான். பூட்டிய வீட்டின் வாசலைப் பெருக்கிக் கோலம் போட ஒரு ஆயாவுக்கு மாதச் சம்பளம் வருகிறது, சொந்தக்காரர் வருவதில்லை. சாயங்காலம் அரசலாற்று ஓரமாகக் கடற்கரைக்கு நடந்து போனால் எதிரில் வருகிறவர்களில் என் வயதுக்குக் கீழே ஆட்கள் குறைவு.

"பயமா இருக்காதா? சுனாமி..." என்று இழுத்தார்.

2004 டிசம்பர் 26 காலை நான் கடையில் இருந்தேன். மீனவத் தெருவில் என் கடன் நோட்டில் பெயர் இருந்த சிலர் அதற்குப் பிறகு வரவில்லை. அந்தப் பக்கங்களை நான் அடிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு வராது. கடலைப் பார்த்தால் பயம் இல்லை. 2018-இல் கஜா அடித்த ராத்திரி மாதிரி காற்று ஊளையிட்டால் மட்டும் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஜன்னலை மூடினாலும் மூடாவிட்டாலும் தூங்கமாட்டார்.

ஞாயிறு

மூட்டை கட்டியாயிற்று. அத்தை கேட்டார் என்று முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ. இலவம்பாடிக் காய்க்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்திருக்கிறது. தங்கச்சி பிள்ளைகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா. பொற்கோயில் பார்க்க நேரமில்லை. வங்காளத்து அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். அத்தை தமிழிலேயே "ஆமாங்கறேன், ஆமாங்கறேன்" என்றார்.

கணக்குத் தீர்க்கும்போது மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். "சரி தம்பி, இன்னாதான் முடிவா சொல்ற? வாங்கலாமா, வேணாமா?"

வாங்காதீர்கள், முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்றேன். சத்துவாச்சாரி வீட்டை விற்கவே விற்காதீர்கள். எழுபது வயதுக்கு மேல் உடம்பு படுத்தினால் நாங்களே ரயில் ஏறி இங்கேதான் வருகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற ஆள் கடலுக்குப் போய்விட்டு அங்கிருந்து திரும்பி வரிசையில் நிற்பதாவது.

"ஒரு வருஷமா? வூட்டுக்காரம்மா ஒத்துக்கணுமே. மே மாசம் பேத்திக்கு லீவு. பத்து நாள் வந்து பாக்கட்டுமா?"

"மே மாசம் வந்தா யாருக்கும் புடிச்சிப்போயிடும் சார். ஐப்பசி கடைசி, கார்த்திகைல வாங்க. மழை விடாது, கரன்ட் போவும், சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், கொசு தூக்கிட்டுப் போவும். அப்பவும் புடிச்சிருந்துச்சுன்னா நானே மனை பாத்துத் தர்றேன்."

ரிஜிஸ்தரில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'கார்த்திகை' என்று எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைக்காமலே, "அப்ப மீன் கெடைக்குமா?" என்றார்.

ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டார். "போட்டு போனா கெடைக்கும். வரும்போது இந்தக் கத்தரிக்கா கொஞ்சம் கொண்டாங்க."